மேல்மாடி காலியாக இருக்கிறது: தோட்டப்புற நகரில் கடைவீடு எடுக்க வருகிறவர்களுக்கு

கோலாலம்பூரை விட்டுப் பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களுக்குத் திரும்பும் இளையவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வாடகை எவ்வளவு?" என்பதுதான். வாடகை இங்கே பெரிய சிக்கல் அல்ல. தலைநகரத்து விலையோடு ஒப்பிட்டால் எந்த உரிமையாளர் சொல்லும் தொகையும் மலிவாகத்தான் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை ஆண்டு?" என்பது. இதைக் கேட்காமல் உள்ளே போனவர்கள் கூரையைச் சரிசெய்து, சுவருக்குச் சாயம் அடித்து, ஊரே வந்து பார்க்கும்படி இடத்தை ஆக்கிய பிறகு, அந்த அழகைக் காட்டியே உரிமையாளர் வேறு ஒருவருக்கு விற்றுவிடுகிறார். ஆகவே வாடகையில் ஐம்பது ரிங்கிட் குறைக்கப் போராடாதீர்கள். அந்த வாய்ச் சாமர்த்தியத்தை ஆண்டுகளுக்காகச் செலவிடுங்கள்.

இடங்கள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்வது பேரத்துக்கு உதவும். கடைவீடு என்பது கீழே வியாபாரம், மேலே குடும்பம் என்று கட்டப்பட்டது. கடைக்காரர்களின் பிள்ளைகள் படித்துவிட்டு ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, பழைய சாலையில் நின்று பசியாறிவிட்டுப் போன வண்டிகளும் குறைந்தன. தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. சம்பள நாளில் டவுனுக்கு வந்து சாமான் கட்டிக்கொண்டு போன கூட்டமும் கரைந்தது. கீழ்க்கடை எப்படியோ ஓடுகிறது. மேல்மாடிக்குத்தான் ஆள் இல்லை.

ஆள் குறைந்தாலும் கலைஞர்கள் குறையவில்லை. உருமி மேளக் குழுக்கள், பரதம் சொல்லித் தருகிறவர்கள், மணவறை அலங்காரம் செய்கிறவர்கள், பாட்டுப் பதிவு செய்யும் பையன்கள், ரவிக்கை தைத்துக்கொண்டே ஆரி வேலை கற்றுத் தரும் அக்காமார்கள் என்று ஒவ்வொரு தாமானிலும், அதாவது குடியிருப்புப் பகுதியிலும், இருக்கிறார்கள். கார் நிறுத்தும் இடத்திலும் கோயில் மண்டபத்திலும் பயிற்சி செய்து அக்கம்பக்கத்தாரிடம் திட்டு வாங்குகிறவர்கள் இவர்கள்தான். இந்தக் கட்டுரை இவர்களுக்கும், வேலை செய்யும் இடமும் படுக்கும் இடமும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் நல்லது என்று நினைக்கிறவர்களுக்கும்.

எதைத் தேடுவது, எதை விட்டுவிடுவது

தோட்டத்துக்குள் இருக்கும் பழைய ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடம்), கள்ளுக்கடை, மூடிய பள்ளிக்கூடம், ஆளில்லாத லயம் (தொழிலாளர் வரிசை வீடு) ஆகியவற்றைப் பார்த்தால் மனம் அங்கேதான் ஓடும். பலருக்கும் அது தாத்தா பாட்டி வாழ்ந்த இடம். ஆனாலும் முதல் முயற்சிக்கு அது வேண்டாம். அந்த நிலம் பெரும்பாலும் தோட்ட நிறுவனத்தின் பெயரில், விவசாயப் பிரிவில் இருக்கும். தேசிய நிலச் சட்டத்தின்படி ஒரு நிலத்தின் பிரிவையோ நிபந்தனையையோ மாற்ற 124ஆம் பிரிவின்கீழ் உரிமையாளர்தான் மனுச் செய்ய வேண்டும்; மாநில அரசுக்குப் பிரீமியமும் கட்ட வேண்டிவரும். நிர்வாகி வாய்மொழியாகச் சரி என்று சொன்னாலும், அவர் மாற்றலாகிப் போன மறுமாதமே கதவுக்குப் புதுப் பூட்டு வந்துவிடலாம்.

அரசு நிலத்தில் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. காய்கறித் தோட்டம் போட அது போதும். பணம் போட்டுக் கட்டடம் எழுப்ப அது போதாது.

ஆக, டவுன்தான். டவுனிலும் இரண்டு வகை உண்டு. போருக்கு முந்திய கடைவீடு ஒடுங்கிய முகப்பும் நீண்ட உடலும் நடுவில் வெளிச்சம் விழும் முற்றமும் முன்னால் ஐந்தடி நடைபாதையும் கொண்டது, மேல்தளம் பலகை. எழுபது, எண்பதுகளில் எழும்பிய இரண்டு மூன்று மாடிக் கான்கிரீட் வரிசைகள் பார்க்க ஒன்றுமே இல்லை. படம் எடுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் முதல் வகையைத்தான் விரும்புவார்கள். என் யோசனை, தொழிலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பது. பரதத்துக்குப் பலகைத் தளம் காலுக்கு இதமானது. உருமிக்கு அதே தளம் எதிரி; மேலே ஒரு குழு அடித்தால் கீழ்க்கடைக்காரரின் கூரையே இன்னொரு மேளம் ஆகிவிடும். உருமிக்கும் ஒலிப்பதிவுக்கும் கான்கிரீட் வரிசையில், அதுவும் மூலைக் கடையாகப் பாருங்கள். களிமண், சிமெண்ட், சிலை வேலை செய்கிறவர்கள் எந்தக் கட்டடமானாலும் கீழ்த்தளத்தைத் தவிர வேறு எதையும் கேட்க வேண்டாம். பழைய உத்திரத்தின்மேல் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது.

பக்கத்து மேல்மாடியையும் பாருங்கள். பேராக்கின் பல சிற்றூர்களில் காலி மாடிகளைக் கூட்டுக் குருவி வளர்ப்புக்கு, அதாவது உண்ணும் கூட்டுக்காகக் குருவி வளர்ப்பதற்கு, விட்டிருக்கிறார்கள். சன்னல்களைச் செங்கல்லால் அடைத்துச் சிறு துளைகள் மட்டும் விட்டிருந்தால், பதிவு செய்த குருவிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், அதுதான். எச்சத்தின் வாடையையும் அந்தக் கீச்சொலியையும் தாங்கிக்கொண்டு யாரும் பாட்டுப் பதிவு செய்ய முடியாது. இன்னொரு போட்டி, வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி. முதலாளி மொத்த வாடகையையும் ஒரே காசோலையில் கொடுத்துவிடுவதால் உரிமையாளர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் தொழிலாளர் தங்குமிடம் பற்றிய 446ஆம் சட்டத்தின்கீழ் அதற்குத் தொழிலாளர் துறையின் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு அலைய விரும்பாத உரிமையாளர் உங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பார்.

உரிமையாளர் யார்

சாவி வைத்திருப்பவர் உரிமையாளர் என்று நம்பிவிடாதீர்கள். கீழ்க்கடைத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, வாடகைக்கு இருப்பவராக இருக்கலாம்; அவருடைய மாமாவின் பெயரில் கிராண்ட் எனப்படும் நிலப் பட்டா இருக்கலாம்; அந்த மாமா இறந்து இருபது ஆண்டு ஆகியிருக்கலாம். லாட் எண்ணையும் கிராண்ட் எண்ணையும் வைத்து மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி யாரும் தேடல் போடலாம். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. எண் தெரியாவிட்டால் மதிப்பீட்டு வரி, அதாவது சுக்காய் பிந்து, பில்லின் நகலைக் கேட்டு அதிலிருந்து தொடங்குங்கள்.

தேடல் தாளில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. யார் பெயர், எத்தனை பேர் பெயர். வங்கிக்கு அடமானம் உண்டா. கேவியட், அதாவது சொத்துக் கைமாறுவதைத் தடுக்கும் குறிப்பு, இருக்கிறதா. பிறகு 'சியாரட் ஞாத்தா' என்ற வெளிப்படை நிபந்தனை வரி. 'ரூமா கெடாய்' என்று இருந்தால் கடையும் குடியிருப்பும் சேர்ந்தது என்று பேச இடமிருக்கிறது. வெறும் வணிகக் கட்டடம் என்று இருந்தால், மேலே குடும்பம் தங்குவது நிபந்தனை மீறலாகலாம். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் படுக்கை வாங்காதீர்கள்.

பல வாரிசுகள் பெயரில் இருந்தால் எல்லாரும் கையெழுத்திட வேண்டும், அல்லது ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். இறந்தவர் பெயரிலேயே இருந்து, சொத்து நிர்வாகியாக யாரும் நியமிக்கப்படவில்லை என்றால், கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். அதில் கையெழுத்துப் போடச் சட்டப்படி ஆளே இல்லை.

ஒப்பந்தம்

இங்கேதான் நிதானம் வேண்டும். தேசிய நிலச் சட்டம் வாடகையை மூன்று ஆண்டு என்ற கோட்டில் பிரிக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையைப் பதிவு செய்யத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் அது குத்தகை. நில அலுவலகத்தில் பதிய வேண்டும். முழு நிலத்துக்கும் 99 ஆண்டு வரை, ஒரு பகுதிக்கு 30 ஆண்டு வரை குத்தகை விடலாம். சிற்றூர் உரிமையாளர் குத்தகை என்ற சொல்லைக் கேட்டதுமே பயந்துவிடுவார். அதனால் நடைமுறையில் கிடைக்கக்கூடியது மூன்று ஆண்டு, அதோடு இன்னொரு மூன்று ஆண்டுக்குப் புதுப்பிக்கும் உரிமை. இரண்டாவது மூன்று ஆண்டின் வாடகை எவ்வளவு உயரலாம் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். "அப்போதைய சந்தை விலை" என்று எழுதினால், அந்தச் சந்தையை உயர்த்தியதே உங்கள் சாயமும் உங்கள் கூட்டமும்தான் என்பது ஒருவருக்கும் நினைவிருக்காது.

பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு உண்டு. மூன்று ஆண்டுக்குட்பட்ட வாடகையையும் கிராண்டில் குறிப்பாக ஏற்றச் சொல்லி நில அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தக் குறிப்பு ஏறிவிட்டால் பிறகு கட்டடத்தை வாங்குகிறவரும் உங்கள் வாடகைக்குக் கட்டுப்படுவார். இதற்கு உரிமையாளரின் கிராண்ட் வேண்டும். அது வங்கியில் இருந்தால் வேலை நீளும். ஆனாலும் கேட்டுப் பாருங்கள். மறுத்தால், விற்பதாக இருந்தால் ஆறு மாத முன்னறிவிப்பும் செய்த பழுதுபார்ப்புச் செலவில் ஒரு பங்கும் தர வேண்டும் என்றாவது எழுதி வாங்குங்கள்.

முத்திரைத் தீர்வையைக் கட்டாமல் விடுவது இங்கே பரவலான பழக்கம். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும். செலவோ சொற்பம். மாத வாடகை 600 ரிங்கிட், மூன்று ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வாடகை 7,200. ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 3 ரிங்கிட் என்ற கணக்கில் 87 ரிங்கிட், பிரதிக்கு இன்னொரு 10. முன்பு முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரியில் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய கணக்கைச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். வைப்புத் தொகை வழக்கப்படி இரண்டு மாதம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்பணம். இந்தக் கணக்கில் கையில் 2,100 இருந்தால் சாவி வரும். அதைப்போல் இரண்டு மடங்கு கூரைக்கு வைத்திருங்கள்.

பழுதுபார்ப்பைப் பேரத்துக்குள் கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம். உரிமையாளர் காலி மாடிக்கும் ஆண்டுக்கு இரண்டு தடவை மதிப்பீட்டு வரி கட்டுகிறார். "கூரையை நாங்கள் செய்கிறோம், நான்கு மாத வாடகை வேண்டாம்" என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிப்பார்கள். எந்த வேலை, யார் செலவு, முடிவில் எது அவருடையது, எதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று பட்டியல் போட்டு, உள்ளே போகும் நாளில் எல்லா மூலைகளையும் படம் எடுத்து ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் சிலர், "பழைய கட்டடம், கன்ட்ரோல் வாடகை, உன்னை யாரும் கிளப்ப முடியாது" என்பார்கள். போருக்கு முந்திய கட்டடங்களுக்கு இருந்த அந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. இடைக்காலச் சலுகையும் 1999 முடிவோடு தீர்ந்தது. இப்போது உங்களுக்கு இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான். உரிமையாளர் தாமாகப் பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற முடியாது, நீதிமன்ற ஆணை வேண்டும் என்பது உண்மை. ஆனால் வாடகை நிலுவை என்றால் 1951ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டத்தின்கீழ், உள்ளே இருக்கும் அசையும் பொருட்களை நீதிமன்றம் வழியாகக் கைப்பற்றவும் அவரால் முடியும். நண்பர்களின் வாத்தியங்களும் மிக்சரும் உங்கள் இடத்தில் இருந்தால், யாருடையது எது என்று கையெழுத்தோடு ஒரு தாள் வைத்திருங்கள்.

கூரை, சுவர், வயர்

மாலை மழை கொட்டும்போது ஒரு தடவை இடத்தைப் பாருங்கள். வெயில் நேரத்தில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான். உத்திரங்களைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் உள்ளே கறையான். பின்கட்டில் அலைவடிவப் பழைய அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் நீங்களே அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். தூசி நுரையீரலுக்குப் போகும். வாய்க்காலிலும் முற்றத்திலும் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடு. சுகாதார அதிகாரி வந்தால் அபராதம் அங்கே குடியிருக்கும் உங்களுக்குத்தான் வரும்.

போருக்கு முந்திய சுவர் சுண்ணாம்புக் காரை பூசியது. அதன்மேல் சிமெண்ட் பூசினாலோ பளபளக்கும் சாயம் அடித்தாலோ ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டு, ஓராண்டில் பொரிந்து விழும். தீபாவளிக்கு லயத்துச் சுவர்களுக்கு அடித்த அதே சுண்ணாம்பு இங்கே நன்றாக வேலை செய்யும், மலிவும்கூட.

வயரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம் கேளுங்கள்.

படுக்கிறவர்களுக்கு

ஒரே மாடியைப் பிளைவுட் தடுப்பால் பத்து அறையாக்கி வாடகை பிரிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். 1984ஆம் ஆண்டின் கட்டட விதிகளில் மிகச் சிறிய குடியிருப்பு அறைக்கே 6.5 சதுர மீட்டர் வேண்டும். முதல் அறைக்கு 11. தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு சன்னல் வெளிச்சமும், இருபதில் ஒரு பங்கு காற்று வரும் திறப்பும் இருக்க வேண்டும். நடு முற்றத்தைத் தகரம் போட்டு மூடி இன்னோர் அறையாக்கினால், வீடு முழுவதற்கும் இருந்த மூச்சுத் துளையை அடைத்தது போலாகும். அதைத் திறந்தே விடுங்கள்.

தீயைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பலகைத் தளம், ஒரே படிக்கட்டு, இரவில் உள்ளிருந்து பூட்டிய இரும்புக் கிரில், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் யாரும் படுக்கக் கூடாது. பின் சந்துப் பக்கம் இறங்க இரண்டாவது வழி இல்லையென்றால் அந்த இடத்தைப் பட்டறையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிரில் சாவி கிரில்லின் பக்கத்திலேயே தொங்கட்டும். சமையல் கேஸ் கீழே, காற்றோட்டமான பின்கட்டில் இருக்கட்டும்.

மன்ற அலுவலகம்

இடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றினால் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி திட்டமிடல் அனுமதி வேண்டும். பலசரக்குக் கடையை நடன வகுப்பாக்குவது அதில் வருமா என்பதைக் கோலகங்சார் நகராண்மைக் கழகம்தான் சொல்ல வேண்டும். சாயம் அடிப்பதற்கு முன்பே, லாட் எண்ணோடும் கையால் வரைந்த ஒரு தள வரைபடத்தோடும் போய்க் கேளுங்கள். வளாக உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் தனித்தனி. தீயணைப்புத் துறையின் ஆதரவுக் கடிதமும் கேட்பார்கள். பலகையில் மலாய் பெரிதாகவும் தமிழ் அதைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். எழுதி அடித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பவர்கள் பலகையை இரண்டு தடவை அடிக்கிறார்கள். டிக்கெட் போட்டு நிகழ்ச்சி நடத்துவதற்குக் கேளிக்கை உரிமம் தனி.

யாரோடு சேருவது

பினாங்கின் ஹின் பஸ் டிப்போ, கோலாலம்பூர் கம்போங் அட்டாப்பின் சோங்சான் கட்டடம், ஈப்போவின் கோங் ஹெங் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அதேபோல் இங்கே செய்யலாம் என்று வருகிறவர்கள் உண்டு. பழைய பஸ் டிப்போ 2014இல் கலைக்கூடமானது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். நம் ஊருக்குச் சுற்றுப்பயணி வரமாட்டார். வருகிறவர்கள் மாணவர்களின் அம்மாக்கள், கல்யாண வீட்டார், கோயில் நிர்வாகத்தினர். ஓவியக் கண்காட்சியை நம்பி வாடகை கட்ட முடியாது. டியூஷன், தையல், நடன வகுப்பு கட்டும். சோங்சானிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது, ஒரே கட்டடத்தில் கலைக்கூடமும் புத்தகக் கடையும் ஆவணக் காப்பகமும் கலந்து இருப்பது. இங்கே அது மாலை நான்கு மணிக்கு டியூஷன், ஆறு மணிக்குப் பரதம், பகலில் தையல் என்று நேரத்தைப் பங்கு போடுவதாக இருக்கும். அம்மா கீழே ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது மகள் மேலே ஆடிக்கொண்டிருப்பாள்.

ஐந்து பேர் சேர்ந்து எடுத்து ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் போடுவது சண்டைக்கு வித்து. ஏழு பேர் இருந்தால் சங்கப் பதிவதிகாரியிடம் சங்கமாகப் பதியலாம். வியாபாரமாகத்தான் நடத்தப்போகிறீர்கள் என்றால் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு போதும். வணிகப் பெயருக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட். கூட்டாகச் சேர்வது நமக்குப் புதிதல்ல. துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களை வாங்க, 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி போட்டார்கள். அந்த சம்பந்தனின் ஊர்தான் சுங்கை சிப்புட். மித்ரா (இந்தியர் உருமாற்றப் பிரிவு), மைகிரியேட்டிவ் (படைப்புத் தொழில்களுக்கான நிதி அமைப்பு) போன்ற அமைப்புகளின் உதவிக்கு விண்ணப்பியுங்கள், தவறில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கருவிகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வையுங்கள். வாடகை மட்டும் வகுப்புக் கட்டணத்திலிருந்தே வரட்டும்.

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தாலும், குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்து மூலம் கேட்கவில்லை என்றால் அது போய்விடும். கோப்பிக்கடையில் தவுக்கேயிடம் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.